பத்துக்கு எத்தனை மார்க்? ராக் விமர்சனங்கள் பற்றிச் சில குறிப்புகள்

ராக் ரசிகர்களுக்குப் பிடித்த விளையாட்டு ஒன்று உண்டு. இன்று எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடும் ஒரு ஆல்பத்தை எடுத்துக்கொள்ள வேண்டியது. அது வந்த வருஷம் பத்திரிகைகள் அதை எப்படிக் கிழித்தன என்று தேடிப் பிடிக்க வேண்டியது. "பாருங்கய்யா, இவங்களுக்கெல்லாம் காதே கிடையாது" என்று சிரிக்க வேண்டியது. சுவாரசியமான விளையாட்டுதான். ஆனால் இதை விளையாடுகிறவர்கள் பலர் அந்தப் பழைய விமர்சனத்தை முழுசாகப் படிப்பதில்லை. அதிலிருந்து பிய்த்தெடுத்த ஒரு வரியைத்தான் படிக்கிறார்கள்.

சில மாதங்களாக நான் அப்படிப்பட்ட விமர்சனங்களை முழுசாகப் படித்துவிட்டு, அந்த ஆல்பத்தையும் கூடவே கேட்டு வருகிறேன். விமர்சகர் திட்டினாரா பாராட்டினாரா என்பது இப்போது எனக்கு இரண்டாம்பட்சம் ஆகிவிட்டது. படித்து முடித்ததும் அந்த ஆல்பத்தில் எந்த இடத்தைக் கவனித்துக் கேட்கணும் என்று எனக்குத் தெரிகிறதா? அவர் சொன்னதை என் காதால் சோதித்து அவரோடு சண்டை போட முடிகிறதா? இந்த இரண்டு கேள்விகளை வைத்துப் பார்த்தால் சில "தப்பான" விமர்சனங்கள் தேறுகின்றன, சில "சரியான" விமர்சனங்கள் ஊற்றிக்கொள்கின்றன. நாலைந்து ஆல்பங்களை வைத்து இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

1. "இது ஏற்கெனவே கேட்டதுதானே"

லெட் செப்பெலினின் முதல் ஆல்பம் 1969 ஜனவரியில் வந்தது. மார்ச்சில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் ஜான் மெண்டல்சன் அதை விமர்சித்தார். அவர் சொன்னதன் சாரம் மூன்று விஷயங்கள். ஜெஃப் பெக் குழு சில மாதங்களுக்கு முன்பே செய்ததைத்தான் இவர்களும் செய்கிறார்கள். ஜிம்மி பேஜ் நல்ல கிட்டார் கலைஞர், ஆனால் பாட்டு எழுதுவதில் சுமார். ராபர்ட் பிளான்ட் தேவையில்லாமல் கத்துகிறார். செப்பெலின் ரசிகர்கள் அரை நூற்றாண்டாக இதை மன்னிக்கவில்லை.

ஆனால் முதல் குற்றச்சாட்டு ஒன்றும் ஆகாயத்திலிருந்து வந்ததில்லை. ஜெஃப் பெக்கின் "ட்ரூத்" 1968இல் வந்தது. வில்லி டிக்சனின் "யூ ஷுக் மீ" இரண்டு ஆல்பங்களிலும் இருக்கிறது. செப்பெலினின் பேஸ் வாசிப்பாளர் ஜான் பால் ஜோன்ஸ்தான் பெக்கின் பதிவிலும் ஆர்கன் வாசித்திருக்கிறார்! அடுத்தடுத்துக் கேட்ட ஒருவருக்கு "இது அதுவேதானே" என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை. இரண்டாவது குற்றச்சாட்டு காலப்போக்கில் இன்னும் வலுத்துவிட்டது. "பேப் ஐ'ம் கோனா லீவ் யூ" பாட்டில் ஆன் பிரெடன் பெயர் 1990 வாக்கில்தான் சேர்ந்தது. "டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்" விஷயத்தில் ஜேக் ஹோம்ஸ் 2010இல் வழக்குப் போட்டு, அது நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது. அதற்கப்புறம்தான் அவர் பெயரும் வந்தது. ஆக, பாட்டு எழுதுவதில் ஏதோ குறைகிறது என்று 1969இலேயே ஒருத்தருக்கு மூக்கில் அடித்திருக்கிறது. அவரைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை.

அவர் விட்டது வேறு ஒன்றை. "குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்" பாட்டை நல்ல ஸ்பீக்கரில் போட்டு, கிட்டாரையும் பாடலையும் மறந்துவிட்டு ஜான் பானத்தின் வலது காலை மட்டும் கேளுங்கள். ஒற்றைப் பெடலில் சின்னச் சின்ன மும்மைகளாக உருண்டுவரும் அந்த அடி, நடுநடுவே விட்டுவைக்கும் இடைவெளி! நம் ஊர்த் தாளத்தில் கார்வை என்று சொல்வோமே, அதுபோல அடிக்காத இடத்துக்கும் ஒரு கனம் இருக்கிறது. பேஜும் ஒலிப்பதிவாளர் க்ளின் ஜான்ஸும் மைக்கை டிரம்ஸின் முகத்தில் ஒட்டிவைக்காமல் தள்ளியும் வைத்தார்கள். அதனால் அறையின் காற்றும் சேர்ந்து பதிவானது. சுமார் 36 மணி நேர ஸ்டூடியோ வேலையில் முடிந்த ஆல்பம் இவ்வளவு பெரிசாக ஒலிப்பதற்குக் காரணம் அந்த இடைவெளியும் அந்த அறையும்தான். பெக்கின் ஆல்பத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே அங்கேதான் இருக்கிறது. மெண்டல்சன் பாட்டையும் பாடகரையும் பார்த்தார், அறையைப் பார்க்கவில்லை.

இது ஒருத்தர் செய்த பிழை என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்க ராக் விமர்சனம் பெரும்பாலும் இலக்கியத்திலிருந்தும் பத்திரிகைத் தொழிலிலிருந்தும் வந்தவர்களால் உருவானது. பாப் டிலனை வரிவரியாகப் படித்து வளர்ந்த காது அது. சொல்லுக்கும் மனோபாவத்துக்கும் அதனிடம் நல்ல பாஷை இருந்தது. ஓசையை விவரிக்க பாஷை போதவில்லை. பாஷை தீர்ந்துபோகும் இடத்தில் எல்லாருமே செய்வது ஒன்றுதான்: ஒப்பிடுவது.

அடுத்த வருஷம் இதேதான் திரும்ப நடந்தது. பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பத்தை அதே பத்திரிகையில் லெஸ்டர் பேங்ஸ் ஏறக்குறைய ஒரே மூச்சில் ஒதுக்கித் தள்ளினார். க்ரீம் குழுவின் மட்டமான நகல் என்பது அவர் தீர்ப்பு. ஆல்பத்தின் உள்பாட்டுகளில் சில இடங்களில் க்ரீம் வாடை அடிப்பது உண்மைதான். ஆனால் முதல் பாட்டில்? மழை, மணிச்சத்தம், அப்புறம் மூன்றே சுரங்கள். கீழே ஒன்று, அதற்கு மேல் ஸ்தாயியில் அதுவே, பிறகு நடுவில் ஒரு கோணல் சுரம். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் சட்ஜத்தையும் பிரதி மத்திமத்தையும் நினைத்துக்கொள்ளலாம். பஞ்சமத்துக்கு ஒரு படி முன்னால் நின்று, மேலே போகாமல் தொங்கவிடும் தூரம். பர்மிங்ஹாம் உலோகத் தொழிற்சாலை வேலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்த டோனி அயோமி, நுனிகளுக்குத் தானே உறை செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய கம்பிகளைக் கட்டி வாசித்தார். 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவான அந்த மூன்று சுரங்களிலிருந்துதான் ஹெவி மெட்டல் என்ற முழு வகையும் கிளைத்தது. க்ரீமோடு ஒப்பிட்டுக்கொண்டே கேட்டால் அந்த மூன்று சுரங்கள் காதில் விழவே விழாது.

பேங்ஸிடம் எனக்குப் பிடித்தது, அவர் அங்கேயே நின்றுவிடவில்லை என்பதுதான். எம்சி5 குழுவின் ஆல்பத்தைத் திட்டித்தான் ரோலிங் ஸ்டோனில் நுழைந்தார். பிறகு அதே குழுவுக்குப் பெரிய ரசிகராகி, அவர்கள் ஊரான டெட்ராய்ட் பக்கம் வெளிவந்த க்ரீம் பத்திரிகைக்கே வேலைக்குப் போனார். (குழுவின் பெயரும் பத்திரிகையின் பெயரும் தமிழில் ஒன்றாகிவிடுகின்றன, இரண்டும் வேறு.) அங்கே 1972இல் சப்பாத்தைப் பற்றி நீளமாக, பொறுப்பாக எழுதினார். திரும்பக் கேட்டார், திரும்ப எழுதினார். விமர்சகனுக்கு இதைவிடப் பெரிய தகுதி என்ன வேண்டும்?

2. "இது சாதாரண ஆல்பமே இல்லை"

அடுத்தது நேர் எதிர்ப் பக்கம். ரேடியோஹெட்டின் "கிட் ஏ", 2000 அக்டோபர். பிட்ச்ஃபோர்க் இணையதளம் இதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்தது. அந்தத் தளத்தைப் பலருக்கு அறிமுகப்படுத்தியதே அந்த விமர்சனம்தான் என்று சொல்லலாம். இப்போது படித்தால் கோயில் திருவிழாவில் சாமி வந்து ஆடுகிற மாதிரி இருக்கிறது. நட்சத்திரங்கள், பிறப்பு, இறப்பு எல்லாம் வருகின்றன. உவமைக்கு மேல் உவமை. எழுதியவர் நெகிழ்ந்துபோனார் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. எதைக் கேட்டு நெகிழ்ந்தார் என்பதுதான் புரியவில்லை.

கேட்பதற்கா அங்கே பஞ்சம்? முதல் பாட்டு பத்து அடிச் சுற்றில் ஓடுகிறது. எண்ணிப் பார்க்காமல் கேட்டால் ஏதோ ஒரு படி கூடுதலாக இருக்கிற மாடிப்படியில் ஏறுகிற உணர்வுதான் இருக்கும். தாம் யார்க்கின் குரலைத் துண்டுதுண்டாக நறுக்கி அவர் பாட்டுக்குப் பின்னாலேயே தெளித்திருக்கிறார்கள். "இடியோடெக்" பாட்டில் திரும்பத் திரும்ப வரும் அந்த நாலு கார்டுகள் பால் லான்ஸ்கி என்ற இசையமைப்பாளர் 1973இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பெரிய கம்ப்யூட்டரில் உருவாக்கிய ஒரு துண்டிலிருந்து எடுத்தவை. அந்தத் துண்டின் பெயர் வாக்னரின் "டிரிஸ்டன்" ஓபரா முடிவிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் ஓபரா, 1970களின் கம்ப்யூட்டர், 2000இன் டிரம் மெஷின் எல்லாம் ஐந்து நிமிஷப் பாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. இப்படி ஒன்றைச் சொன்னால் நான் ஓடிப்போய்க் கேட்பேன். "பிரபஞ்சம்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன்.

அதே மாதம் நியூ யார்க்கரில் நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதினார். அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் வாதம் சுருக்கமாக இதுதான்: இந்த ஆல்பம் கேட்கிறவரிடம் ஏராளமான பொறுமை கேட்கிறது. பதின்வயதில் அது நம்மிடம் இருக்கும். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க ஆரம்பித்தவனிடம் அவ்வளவு நேரமும் பக்தியும் மிஞ்சுவதில்லை. ரேடியோஹெட் ரசிகர்கள் "கிழவன் புலம்பல்" என்று சிரித்தார்கள். ஆல்பமோ அமெரிக்காவில் முதல் வாரமே பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்குப் போயிற்று.

எனக்கு "கிட் ஏ" பிடிக்கும், ஹார்ன்பியின் தீர்ப்போடு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் இந்த இரண்டில் எதை வைத்துக்கொள்வாய் என்று கேட்டால் ஹார்ன்பியைத்தான் வைத்துக்கொள்வேன். அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார் என்பதை மறைக்கவில்லை. வயசு, வேலை, சாயங்கால அசதி எல்லாம் தெரிகின்றன. அவர் நாற்காலி எனக்குத் தெரிந்தால் என் நாற்காலி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று நானே கணக்குப் போட்டுக்கொள்வேன். பத்துக்குப் பத்து கொடுத்தவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று தெரியவில்லை. ஏதோ வானத்திலிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது.

3. ஒரு ஆல்பத்துக்கு ஒரு ஆல்பமே விமர்சனம்

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் "எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்" 1972 மே மாதம் வந்தது. இரட்டை ஆல்பம், 18 பாட்டுகள். பெரும்பகுதி பிரான்ஸின் தெற்குக் கடற்கரையில் கீத் ரிச்சர்ட்ஸ் குடியிருந்த மாளிகையின் நிலவறையில் பதிவானது. விமர்சித்தவர் லென்னி கே. பின்னாளில் பட்டி ஸ்மித் குழுவின் கிட்டார் கலைஞர். கெட்ட ஆல்பம் என்று அவர் சொல்லவில்லை. சிகரங்கள் இருக்கின்றன, மற்றவை ஒன்றோடொன்று கலந்துபோகின்றன, இவர்களுடைய முதிர்ந்த காலத்தின் பெரிய ஆல்பம் இனிமேல்தான் வரவேண்டும் என்ற ரீதியில் எழுதினார். வரவில்லை. அதுதான் அந்த ஆல்பம் என்று பிறகு எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். 2003இல் அதே பத்திரிகையின் 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் ஏழாவது இடம்.

ஆனாலும் லென்னி கேயின் விமர்சனம் என் சோதனையில் தேறிவிடுகிறது. பக்கம் பக்கமாக, பாட்டுப் பெயரைச் சொல்லிப் பேசுகிறார். "கலந்துபோகிறது" என்று அவர் குறையாகச் சொன்னதைத்தான் ரசிகர்கள் பிற்பாடு நிறையாகச் சொன்னார்கள். அதாவது அவர் கேட்டது சரி, போட்ட மதிப்புதான் வேறு. மிக் ஜாகரே இந்த ஆல்பத்தின் ஒலிக்கலவை தனக்குத் திருப்தியில்லை என்று சொல்லியிருக்கிறார். என் அபிப்பிராயத்தில் பாடகர் குரல் சேற்றில் பாதி புதைந்திருப்பதுதான் அந்த ஆல்பத்தின் உயிர். வார்த்தை புரியாததால் முன்னால் சாய்ந்து கேட்கிறோம். சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தால் பாதிப் பாட்டுகள் சாதாரணமாகப் போயிருக்கும்.

"எக்ஸைல்" பற்றிய ஆகச் சிறந்த விமர்சனம் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை என்பேன். 1993இல் லிஸ் ஃபேர் என்ற பெண் "எக்ஸைல் இன் கைவில்" என்று ஒரு இரட்டை ஆல்பம் போட்டார். இதிலும் 18 பாட்டுகள். ஸ்டோன்ஸின் ஆல்பத்துக்குப் பாட்டுக்குப் பாட்டு பதில் என்று அவரே சொன்னார். ஒவ்வொரு ஜோடியும் கச்சிதமாகப் பொருந்துகிறதா என்று பட்டிமன்றமே நடத்தலாம், எனக்குச் சில ஜோடிகள் பிடிபடவில்லை. ஆனால் பெரிய கோடு தெளிவாக இருக்கிறது. ஜாகர் ஊர் ஊராகத் திரிந்து, பெண்களை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிற ஆள். லிஸ் ஃபேர் அந்த விட்டுவிடப்பட்ட அறையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் குரலில் பேசுகிறார். ஓசையிலும் அப்படித்தான். அங்கே கூட்டம், பித்தளை வாத்தியம், சேறு. இங்கே ஒரு கிட்டார், நிறைய வெற்றிடம், அலட்டல் இல்லாத தாழ்ந்த குரல், ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுகிறது. ஸ்டோன்ஸ் எதை மறைத்து அழகாக்கினார்களோ அதையே இவர் வெளிச்சத்தில் வைக்கிறார். கேட்டுவிட்டு ஸ்டோன்ஸ் ஆல்பத்துக்குத் திரும்பினால் அது வேறு ஆல்பமாகிவிடுகிறது. விமர்சனம் செய்யவேண்டிய வேலை இதுதானே?

4. 0.0இலிருந்து 6.0க்கு

இப்படிக் காதைத் திறந்துவிட்ட அதே லிஸ் ஃபேருக்குப் பத்து வருஷம் கழித்து என்ன நடந்தது என்று பார்ப்போம். 2003இல் தன் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு ஆல்பம் வெளியிட்டார். ஆவ்ரில் லவீனுக்கு ஹிட் கொடுத்த தி மேட்ரிக்ஸ் என்ற தயாரிப்புக் குழுவோடு வேலை செய்திருந்தார். அவ்வளவுதான், பிரளயம். 36 வயசில் டீன்ஏஜ் பெண் வேஷம் போடுகிறார், விலைபோய்விட்டார் என்று ஒரே கூச்சல். பிட்ச்ஃபோர்க் கொடுத்த மார்க் 0.0.

நான் அந்த ஆல்பத்தைப் பல தடவை கேட்டேன். 14 பாட்டில் மேட்ரிக்ஸ் கை வைத்தது நாலே நாலு. மற்றவை வேறு ஆட்களோடு செய்தவை, அவற்றில் சிலதில் பழைய லிஸ் ஃபேரின் கிட்டார் பிடியும் கோணல் மெட்டும் அப்படியே இருக்கின்றன. "லிட்டில் டிகர்" என்ற பாட்டில் விவாகரத்துக்குப் பிறகு அம்மாவின் புது நண்பரைப் பார்க்கிற சின்னப் பையன் இருக்கிறான். பொம்மை லாரியும் கையுமாக நிற்கிறான். இந்தப் பாட்டுக்கும் பூஜ்யமா? மேட்ரிக்ஸ் பாட்டுகள் எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை, ரொம்ப மெழுகித் துடைத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் "வொய் கான்ட் ஐ" ஒழுங்காகக் கட்டிய பாப் பாட்டு, அமெரிக்கப் பட்டியலில் முதல் நாற்பதுக்குள் போனதில் வியப்பில்லை. என் கணக்கில் இது ஏற்ற இறக்கமான, பாதி நல்ல ஆல்பம். பூஜ்யம் வாங்கியது ஆல்பம் இல்லை. "எங்கள் ஆளாக இருந்துகொண்டு இப்படிச் செய்துவிட்டாயே" என்ற கோபத்துக்குத்தான் அந்தப் பூஜ்யம்.

எழுதியவர் 2019இல் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். லிஸ் ஃபேரும் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். 2021இல் பிட்ச்ஃபோர்க் தன் பழைய மார்க்குகளில் சிலவற்றைத் திருத்தியபோது 0.0 என்பது 6.0 ஆயிற்று. அதே திருத்தத்தில் டாஃப்ட் பங்கின் "டிஸ்கவரி" 6.4இலிருந்து 10க்கு ஏறியது. மனம் மாறியதை ஒப்புக்கொண்டது நல்ல விஷயம்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி, ஒரு புது எண். பேங்ஸ் செய்த மாதிரி திரும்ப உட்கார்ந்து, முழுசாகக் கேட்டு, நீளமாக எழுதியிருக்கலாம். விடைத்தாள் மறுமதிப்பீடு மாதிரி எண்ணை மாற்றினால் போதுமா? 6.0 என்பதில் அந்தச் சின்னப் பையனும் அவன் லாரியும் எங்கே இருக்கிறார்கள்?

மார்க் போடுவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. விகடன் சினிமா விமர்சன மார்க்கை வைத்து வீட்டுக்குள் சண்டை போட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்! ராபர்ட் கிறிஸ்கௌ 1969இலிருந்து ஏ, பி, சி என்று ஆல்பங்களுக்கு கிரேடு போட்டு வந்திருக்கிறார். அவர் எழுதுவது பெரும்பாலும் ஒரே பத்தி. ஆனால் அந்த ஒரு பத்தியில் அவருடைய ரசனை, எரிச்சல், எதற்கு மயங்குவார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். நாலு பத்தி படித்தால் ஆளே பழகிவிடுவார். பழகிய ஆள் போடும் மார்க்குக்கு அர்த்தம் உண்டு. யார் என்றே தெரியாத ஒரு 7.8க்கும் 7.9க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று யாராவது சொல்லுங்களேன்.

5. நமக்கு இதில் என்ன?

தமிழில் ராக் கேட்கிறவர்களில் பலர் என்னைப் போலப் படித்துவிட்டுக் கேட்கிறவர்கள். பட்டியல் பார்ப்போம், மார்க் பார்ப்போம், அப்புறம் பாட்டைப் போடுவோம். அதற்குள் காது பாதி முடிவு செய்துவிட்டிருக்கும். 10 என்று படித்துவிட்டுப் போனால் பிடிக்காவிட்டால் நம்மிடம்தான் ஏதோ குறை என்று தோன்றும். 0.0 என்று படித்தால் போகவே மாட்டோம். "லிட்டில் டிகர்" அப்படி எத்தனை பேருக்குக் கிடைக்காமல் போயிருக்கும்!

நம்மிடம் வேறு ஒரு விமர்சன மரபு இருக்கிறது. கல்கி "கர்நாடகம்" என்ற பெயரில் ஆனந்த விகடனில் கச்சேரி விமர்சனம் எழுதினார். பின்னால் வந்த சுப்புடு, வித்வான்களை நடுங்கவைத்த பேர்வழி. அவர்களிடமும் நக்கல் உண்டு, சார்பு உண்டு, அநியாயமும் உண்டு. ஆனால் திட்டுவதற்குக்கூட அந்தத் துறையில் ஒரு பொதுப் பாஷை இருந்தது. சுருதி விலகியதா, நிரவல் இழுத்ததா, தனி ஆவர்த்தனம் எடுப்பட்டதா என்று சொல்லியாகணும். கச்சேரிக்கு வந்திருந்தவர் "இல்லை சார், நான் கேட்டேன், சேர்ந்துதான் இருந்தது" என்று பதிலுக்குச் சொல்ல முடியும். ராக்குக்குத் தமிழில் அப்படி ஒரு பாஷையை இன்னும் யாரும் கட்டிமுடிக்கவில்லை. அது ஒரு வகையில் வசதிதான். இங்கிலீஷ் விமர்சனத்தின் தேய்ந்த உவமைகளைச் சுமக்கவேண்டிய அவசியம் நமக்கு இல்லை. கார்வை, உறுமல், இழுவை, குமுறல், அதிர்வு, வெற்றிடம் என்று நம்மிடம் இருக்கிற சொற்களே பானத்துக்கும் அயோமிக்கும் நன்றாகப் பொருந்துகின்றன.

எனவே ஒரு யோசனை. உங்களுக்குப் பிடித்த ஒரு ராக் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். மார்க் வேண்டாம். வேறு எந்தக் குழுவின் பெயரும் வரக்கூடாது. எங்கே, எந்த நேரத்தில், எதில் கேட்டீர்கள் என்று ஒரு வரி. எந்தப் பாட்டில், எத்தனையாவது நிமிஷத்தில், எந்த வாத்தியம் என்ன செய்தது என்று இரண்டு இடம். ரொம்ப சுலபம் என்று தோன்றும், உட்கார்ந்தால்தான் கஷ்டம் தெரியும். முதல் பத்தியிலேயே "இது யாரை மாதிரி இருக்கிறது என்றால்..." என்று கை தானாக எழுத ஆரம்பித்துவிடும். எனக்கு அடுத்தது "எக்ஸைல் இன் கைவில்" முதல் பாட்டு. அதன் கிட்டார் சத்தத்துக்கு இன்னும் சரியான தமிழ்ச் சொல் கிடைக்கவில்லை. உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள்.